மண்ணில் விழும் பூச்சிக்கொல்லி என்ன ஆகிறது? வேளாண் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

“மருந்து அடித்து இரண்டு நாளாகிவிட்டது, இனி வயலில் இறங்கினால் ஒன்றும் செய்யாதல்லவா?” ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவில் களையெடுக்கச் செல்லும் பெண்களும் கருவுற்ற தாய்மார்களும் பலமுறை கேட்கும் கேள்வி இது. இதற்கு எல்லாப் பூச்சிக்கொல்லிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தெளிக்கப்பட்ட வேதிப்பொருள் எது, அது விழுந்த மண் எத்தகையது, எவ்வளவு வெயிலும் நீரும் கிடைத்தன என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும்.

மக்கள் வழக்கில் “மருந்து” எனப்படுவது உண்மையில் நஞ்சாகும். அது கண்ணுக்குத் தெரியாமல் போவதும் வாடை நீங்குவதும் அது அழிந்துவிட்டது என்பதற்குச் சான்றல்ல. பூச்சிக்கொல்லி மண்ணில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையும், அதற்கும் உங்கள் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பையும் இப்பக்கம் விளக்குகிறது.

தெளித்த நஞ்சு எங்கெங்கே செல்கிறது?

தெளிப்பானிலிருந்து வெளிவரும் கரைசல் முழுவதும் பூச்சியின்மீது படுவதில்லை. ஒரு பகுதி இலைகளில் தங்குகிறது. ஒரு பகுதி காற்றில் அடித்துச் செல்லப்படுகிறது. கணிசமான பகுதி நேரடியாகவோ, மழையில் இலையிலிருந்து கழுவப்பட்டோ மண்ணை அடைகிறது. குருணை வடிவில் இடப்படுபவையும் விதை நேர்த்திக்குப் பயன்படுபவையும் தொடக்கத்திலேயே மண்ணில் சேர்ந்துவிடுகின்றன.

மண்ணை அடைந்த பின் அதற்கு மூன்று வழிகள் உள்ளன. மண் துகள்களோடு ஒட்டிக்கொள்ளலாம். நீரோடும் காற்றோடும் வேறிடம் நகரலாம். சிதைந்து வேறு பொருளாக மாறலாம். இம்மூன்றும் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. இவற்றுள் எது மேலோங்குகிறது என்பதே அந்த நஞ்சு உங்களை எந்த வழியில் வந்தடையும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மண்ணோடு ஒட்டிக்கொள்ளுதல்

களிமண் துகள்களும் மக்கிய கரிமப் பொருளும் பூச்சிக்கொல்லி மூலக்கூறுகளைத் தம் பரப்பில் பிடித்துவைக்கும் ஆற்றல் உடையவை. குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்றவை மண்ணோடு உறுதியாக ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே அவை ஆழத்திற்கு எளிதில் இறங்குவதில்லை. ஆயினும் பெருமழையில் மேல்மண் அரித்துச் செல்லப்படும்போது, வண்டலோடு சேர்ந்து அவையும் குளத்திற்கும் ஏரிக்கும் சென்றுவிடுகின்றன. சைபர்மெத்ரின் மீன்களுக்கு மிகக் கொடிய நஞ்சு என்பதால் இது கவனிக்கத்தக்கது.

களைக்கொல்லியான பாராகுவாட் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. களிமண் இதை மிக இறுகப் பற்றிக்கொள்வதால், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் பயிரின் வேருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் இதே பொருளை ஒரு வாய் விழுங்கினால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிர் போகக்கூடும். இதற்கு மாற்று மருந்து இல்லை. மண் ஒரு நஞ்சை அடக்கிவைத்திருக்கிறது என்பதற்காக அந்த நஞ்சு வலுவற்றது என்று பொருள் கொள்ளக் கூடாது.

நீரோடு நகர்தல்

நீரில் நன்கு கரைந்து, மண்ணோடு அதிகம் ஒட்டாத பொருள்கள் பாசன நீரோடும் மழைநீரோடும் கீழே கசிந்திறங்குகின்றன. நெல், வாழை போன்ற பயிர்களுக்குக் குருணையாக இடப்பட்டுவந்த கார்போபியூரான் இவ்வகையைச் சேர்ந்தது. இமிடாகுளோபிரிட் போன்றவை நீரில் கரைவதோடு, மண்ணில் பல மாதங்கள் நீடிக்கவும் வல்லவை.

மணற்பாங்கான நிலத்தில் இந்தக் கசிவு விரைவாக நடைபெறும். கரிசல் மண்ணில் களி மிகுதியாக இருப்பதால் கசிவு குறைவாக இருக்கும் என்று எண்ணலாம். ஆனால் கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. தெளித்த பின் வரும் முதல் மழை அந்த வெடிப்புகளின் வழியே நேராக ஆழத்திற்கு இறங்கும்போது, இடையிலுள்ள மண் நஞ்சைப் பிடித்துவைக்கப் போதிய வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆகவே மழை வரும் அறிகுறி இருக்கும்போது தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

சிதைவு எவ்வாறு நிகழ்கிறது?

வெயில், நீர், நுண்ணுயிரிகள் ஆகிய மூன்றும் பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கின்றன.

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் இலையின் மேலும் மண்ணின் மேற்பரப்பிலும் உள்ள மூலக்கூறுகளை உடைக்கின்றன. மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே சென்றுவிட்ட நஞ்சை வெயில் எட்டுவதில்லை.

நீர், மூலக்கூறுகளின் பிணைப்புகளைப் பிளக்கிறது. இது நீராற்பகுப்பு எனப்படும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் பல, காரத்தன்மை உள்ள மண்ணில் விரைவாகவும் அமில மண்ணில் மெதுவாகவும் இவ்வாறு பிளவுபடுகின்றன. எனவே ஒரே பூச்சிக்கொல்லி காரத்தன்மையுள்ள கரிசல் நிலத்தில் ஒரு வேகத்திலும், மலைப்பகுதியின் அமில மண்ணில் வேறொரு வேகத்திலும் சிதையலாம்.

மூன்றிலும் பெரும்பங்கு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் உரியது. இவை பூச்சிக்கொல்லியை உணவாகவே பயன்படுத்தக் கற்றுக்கொள்வதும் உண்டு. 1973ஆம் ஆண்டு சேதுநாதன், யோஷிதா என்னும் ஆய்வாளர்கள் இருவர், பிலிப்பைன்ஸ் நாட்டில் டயசினான் இடப்பட்ட நெல்வயலிலிருந்து, அந்தப் பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இடும் வயலில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன, நஞ்சு விரைவில் மறைகிறது, பூச்சி கட்டுப்படுவதில்லை. அந்நிலையில் அளவைக் கூட்டித் தெளிப்பது தீர்வாகாது. அது தெளிப்பவரின் உடலில் சேரும் அளவைத்தான் கூட்டும்.

நுண்ணுயிரிகள் வேலை செய்ய ஈரமும் மிதமான வெப்பமும் கரிமப் பொருளும் தேவை. நம் நிலங்கள் பலவற்றில் கரிமப் பொருள் குறைவாகவே உள்ளது. தொழுவுரம், தழையுரம், மட்கிய உரம் ஆகியவற்றை இடுவது விளைச்சலுக்கு உதவுவதோடு, நஞ்சைப் பிடித்துவைத்துச் சிதைக்கும் மண்ணின் ஆற்றலையும் வளர்க்கிறது.

அரை ஆயுட்காலம் என்றால் என்ன?

இடப்பட்ட பூச்சிக்கொல்லியில் பாதி மறைவதற்கு ஆகும் காலம் அதன் அரை ஆயுட்காலம் ஆகும். ஒரு பொருளின் அரை ஆயுட்காலம் 30 நாள்கள் எனக் கொள்வோம். மண்ணில் 100 கிராம் சேர்ந்திருந்தால் 30ஆம் நாளில் 50 கிராமும், 60ஆம் நாளில் 25 கிராமும், 90ஆம் நாளில் 12.5 கிராமும் எஞ்சியிருக்கும். ஐந்து அரை ஆயுட்காலங்கள், அதாவது 150 நாள்கள் கழிந்த பின்னும் ஏறத்தாழ 3 கிராம் இருக்கும். இதற்கிடையில் மீண்டும் மீண்டும் தெளித்தால், பழைய மிச்சத்தின்மேல் புதியது சேர்ந்துகொண்டே போகும்.

இந்தக் காலம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். மோனோகுரோட்டோபாஸ் சில நாள்களில் பாதியாகக் குறையலாம். வயலில் வழக்கமான அளவில் இடப்படும் குளோர்பைரிபாஸ் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை எடுத்துக்கொள்ளும். டி.டி.டி.க்கு இது 2 முதல் 15 ஆண்டுகள் வரை எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

செறிவும் முக்கியமானது. கறையானைத் தடுப்பதற்காகக் கட்டடங்களின் அடியில் மிகுந்த செறிவில் இடப்படும் குளோர்பைரிபாஸ், வயலில் தெளிக்கப்படுவதைக் காட்டிலும் மிக நீண்ட காலம் தங்குகிறது. இதே நிலை உங்கள் கிணற்றடியிலும் ஏற்படலாம். மருந்து கலக்குவதும் தெளிப்பானைக் கழுவுவதும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடந்தால், ஏக்கர் கணக்கில் பரவ வேண்டிய நஞ்சு அந்தச் சிறிய இடத்தில் குவிகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகளால் அதைச் சிதைத்து முடிக்க இயலாது. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மிக அருகில் அது இருப்பதுதான் பெருங்கேடு.

சிதைந்துவிட்டால் தீமை நீங்கிவிடுமா?

எப்போதும் நீங்குவதில்லை. முழுமையாகச் சிதைந்தால் கார்பன் டை ஆக்சைடு, நீர், சில தாது உப்புகள் ஆகியவையே மிஞ்சும். ஆனால் பல நஞ்சுகள் இடைவழியில் வேறொரு நஞ்சாக மாறி நின்றுவிடுகின்றன.

கேரளத்தின் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வான்வழியே தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், மண்ணில் எண்டோசல்பான் சல்பேட் ஆக மாறுகிறது. அது மூலப்பொருளைப் போலவே நச்சுத்தன்மை உடையது. அதைவிட நீண்ட காலம் நீடிப்பது. 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்தியாவில் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில், நிலைத்து நிற்கும் கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. டி.டி.டி.யும் இவ்வாறே காற்றுள்ள மண்ணில் டி.டி.இ. ஆக மாறி, உணவின் வழியே உடலை அடைந்து, கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது.

கரீபியன் கடலிலுள்ள மார்டினிக், குவாதலூப் தீவுகள் இதில் உலகிற்கே ஒரு பாடம். அங்கு வாழையைத் தாக்கும் கூன்வண்டுக்கு எதிராக 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்னும் பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்பட்டது. பயன்பாடு நின்று இருபது ஆண்டுகளுக்குப் பின் மேற்கொள்ளப்பட்ட ஆய்விலும், வயது வந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் அது காணப்பட்டது. வாழையைத் தின்றதனால் அது வரவில்லை. நஞ்சு தங்கிய மண்ணில் பின்னர் பயிரிட்ட கிழங்குகளும், அந்நிலங்களின் வடிநீர் சேர்ந்த ஆறுகளிலும் கரையோரக் கடலிலும் பிடித்த மீன்களும் அதை மக்களிடம் கொண்டு சேர்த்தன. ஒரு தலைமுறை இட்ட நஞ்சு, அதைப் பயன்படுத்தாத அடுத்த தலைமுறையின் உடலில் இருந்தது.

விரைவில் சிதைவது பாதுகாப்பானதா?

மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் தவறான கருத்து இதுவே. மண்ணில் எத்தனை நாள் தங்கும் என்பதும், மனித உடலை எவ்வளவு விரைவாகத் தாக்கும் என்பதும் இரு வேறு கேள்விகள். நீண்ட காலம் தங்கும் பொருள்கள் பல, சிறிது சிறிதாகச் சேர்ந்து தீங்கு செய்கின்றன. விரைவில் சிதையும் ஆர்கனோபாஸ்பரஸ் வகைகளுள் சில, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லவை.

மோனோகுரோட்டோபாஸ் வயல் மண்ணில் சில நாள்களில் குறையத் தொடங்குகிறது. ஆனால் புட்டியினுள் வெயிலும் இல்லை, நுண்ணுயிரிகளும் இல்லை. அங்கு அது தன் முழு வலிமையோடு காத்திருக்கிறது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடய அறிவியல் ஆய்வில் தெரியவந்தது. காலிப் புட்டிகளில் எண்ணெயோ, தண்ணீரோ, பாலோ ஊற்றி வைக்கக் கூடாது என்று சுகாதாரப் பணியாளர்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவது இத்தகைய இழப்புகளைத் தவிர்ப்பதற்காகவே.

ஆகவே, புட்டியில் உள்ள முக்கோணக் குறியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சையும், மஞ்சள் கடுமையான நஞ்சையும், நீலம் மிதமான நஞ்சையும், பச்சை குறைந்த நச்சுத்தன்மையையும் குறிக்கும். இந்நிறம் உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே காட்டுகிறது. மண்ணில் எத்தனை நாள் தங்கும் என்பதை அது கூறுவதில்லை.

மண்ணிலிருந்து உடலுக்கு வரும் வழிகள்

• தோல்: வெறுங்காலோடும் வெறுங்கையோடும் ஈர மண்ணில் வேலை செய்யும்போது நஞ்சு தோல் வழியே ஊடுருவுகிறது. வெட்டுக்காயமும் சேற்றுப்புண்ணும் இருந்தால் இது அதிகரிக்கும்.
• மூச்சு: உழும்போதும் காற்றடிக்கும்போதும் எழும் புழுதியில் நஞ்சு ஒட்டியிருக்கலாம்.
• வாய்: கை கழுவாமல் உண்பது, வெற்றிலை, புகையிலை போடுவது, குழந்தைகள் மண்ணளைந்த கையை வாயில் வைப்பது ஆகியவற்றால் உட்செல்கிறது.
• குடிநீர்: கிணற்று நீரைக் கொதிக்கவைப்பது கிருமிகளைக் கொல்லும், பூச்சிக்கொல்லியை நீக்காது.
• உணவு: காய்கறிகளை ஓடும் நீரில் கழுவினால் மேற்பரப்பில் உள்ளது குறையும். பயிரினுள் ஊடுருவியதைக் கழுவி நீக்க இயலாது. அதற்காகவே, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே காத்திருப்புக் காலம் வகுக்கப்பட்டுள்ளது.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. புட்டியின் சிட்டையில் குறிப்பிட்ட பயிருக்கு மட்டும், குறிப்பிட்ட அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கலக்காதீர்கள். ஐயம் இருப்பின் வட்டார வேளாண்மை அலுவலகத்தை அணுகுங்கள்.
2. மீண்டும் வயலில் இறங்குவதற்கும் அறுவடைக்கும் சிட்டையில் கூறப்பட்டுள்ள கால இடைவெளியைத் தவறாது கடைப்பிடியுங்கள். கூலி வேலைக்கு வருவோரிடம், என்று, எது தெளிக்கப்பட்டது என்பதை வயலின் உரிமையாளர் கட்டாயம் சொல்ல வேண்டும். தொழிலாளர்களும் தயங்காமல் கேட்க வேண்டும்.
3. கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள் ஆகியோரைத் தெளிக்கும் பணியிலும், அண்மையில் தெளிக்கப்பட்ட வயலிலும் ஈடுபடுத்தாதீர்கள். நஞ்சு பற்றிய அச்சத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மையே மிகப் பெரிது.
4. கிணறு, ஆழ்துளைக் கிணறு, வாய்க்கால், குளம் ஆகியவற்றின் அருகில் மருந்து கலக்கவோ தெளிப்பானைக் கழுவவோ கூடாது.
5. காலிப் புட்டியை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். பின்னர் புட்டியைத் துளையிட்டு, மறுபயன்பாட்டிற்கு உதவாதபடி ஆக்கி, சிட்டையில் கூறியவாறு அகற்றுங்கள்.
6. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளியுங்கள். வயலில் உடுத்திய உடைகளை மற்ற உடைகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.
7. பூச்சிக்கொல்லிகளை வீட்டினுள் வைக்காமல், பூட்டிய பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மனம் சோர்ந்திருப்பவர் வீட்டில் இருந்தால் இது உயிர்காக்கும் செயலாகும். மனநல ஆலோசனைக்கு 14416 அல்லது 104 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

நச்சு அறிகுறிகளும் முதலுதவியும்

வயலில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கோ, அங்கிருந்து திரும்பியவருக்கோ மிகுந்த வியர்வை, எச்சில் ஊறுதல், கண்ணில் நீர் வடிதல், கண்மணி சுருங்கிப் பார்வை மங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் ஆர்கனோபாஸ்பரஸ் அல்லது கார்பமேட் நஞ்சாக இருக்கலாம். வெயிலால் வந்த மயக்கம் என்று வீட்டிலேயே படுக்கவைத்துவிடாதீர்கள்.

உடனடியாக 108க்கு அழையுங்கள். கையுறையோ நெகிழிப் பையோ அணிந்துகொண்டு, நஞ்சு பட்ட உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தூய நீரால் கழுவுங்கள். நினைவிழந்தவரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். உப்புக் கரைசல், சாணிக் கரைசல் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது நஞ்சை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி நிலைமையை மோசமாக்கும். புட்டியையோ அதன் சிட்டையையோ மறவாமல் மருத்துவமனைக்கு எடுத்துவாருங்கள். எந்த நஞ்சு என்பது தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

பாராகுவாட் விழுங்கியவர் முதல் நாளில் நலமாக இருப்பதுபோலத் தோன்றலாம். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சிலிருந்து தெளிந்தவருக்கு ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் தசைகள் தளர்ந்து மூச்சு மீண்டும் தடைபடலாம். எனவே மருத்துவர் அனுமதிக்கும் முன் மருத்துவமனையை விட்டு அழைத்துச் செல்லாதீர்கள்.

நினைவில் கொள்க

இரண்டு நாளில் வயலில் இறங்கலாமா என்ற கேள்விக்கு விடை உங்கள் கையிலுள்ள புட்டியின் சிட்டையில் உள்ளது. அதில் எழுதியுள்ள நாள்கள் முடியும் வரை காத்திருங்கள். சிட்டை இல்லையெனில், என்ன தெளித்தார்கள் என்பதே தெரியவில்லையெனில், அந்த வயலில் இறங்காதிருப்பதே சரியான விடையாகும். வாடை போய்விட்டதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.